ஒரு வங்கியின் பாகப்பிரிவினை: ஏபிஎன் ஆம்ரோ கைமாறிய கதை

2007இல் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோ வங்கியை மூன்று வங்கிகள் கூட்டாக வாங்கின. யாருக்கு எந்தப் பாகம் என்பதை வாங்கும் முன்பே பேசி முடித்துவிட்டன. ஓராண்டுக்குள் அந்த மூவரில் ஒன்று உடைந்து விற்கப்பட்டது. இன்னொன்றை அதன் சொந்த நாட்டு அரசு காசு போட்டுக் காப்பாற்றியது. மூன்றாவது மட்டும் லாபத்தோடு வெளியேறியது. அதனிடமிருந்து ஒரு பாகத்தை வாங்கிய நான்காவது வங்கியும் பின்னாளில் அரசின் கைக்குப் போனது.

இதில் முடிவெடுத்தவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஆளைத் திட்டுவதில் போய்விடும். முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பின்னணி

ஏபிஎன் ஆம்ரோவின் வேர் 1824இல் இருக்கிறது. டச்சு மன்னர் முதலாம் வில்லெம், கிழக்கிந்தியத் தீவுகளோடு வாணிகம் செய்ய ஒரு கம்பெனியைத் தொடங்கினார். ஜாவாவின் காபியையும் சர்க்கரையையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் விற்ற அந்தக் கம்பெனி, காலப்போக்கில் வங்கித் தொழிலுக்குள் வந்தது. 1920இல் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1926இல் அது கட்டி முடித்த தலைமையகம் இப்போது நகர ஆவணக் காப்பகமாக இருக்கிறது.

1964இல் டச்சு வங்கித் துறையில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. இந்த வாணிகக் கம்பெனி ட்வென்ட்ஸே வங்கியோடு சேர்ந்து ஏபிஎன் ஆனது. ஆம்ஸ்டர்டாம் வங்கியும் ராட்டர்டாம் வங்கியும் சேர்ந்து, இரு ஊர்ப் பெயர்களின் தலையெழுத்துகளை ஒட்டி, ஆம்ரோ ஆயின. 1990இல் அந்த இரண்டும் ஒன்றாக முடிவு செய்தன.

அப்புறம் வெளிநாட்டு ஆசை. அமெரிக்காவின் சிகாகோவில் லாசால் வங்கி ஏற்கனவே 1979இலேயே கையில் இருந்தது. 1998இல் பிரேசிலின் பாங்கோ ரியால் வந்தது. இத்தாலியின் அந்தோன்வெனெத்தா வங்கிக்காக நடந்த இழுபறியில் அந்நாட்டு மத்திய வங்கியின் ஆளுநரே பதவி விலக நேர்ந்தது. 2006இல் அதுவும் ஏபிஎன் ஆம்ரோவிடம் வந்து சேர்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் என்று வங்கி விரிந்து கிடந்தது.

ஆனால் பங்கு விலை அசையவில்லை. 2000இல் பொறுப்பேற்ற தலைமை நிர்வாகி ஓர் அளவுகோலைத் தானே அறிவித்திருந்தார்: பங்குதாரருக்குக் கிடைக்கும் ஆதாயத்தில், ஒப்பான 20 வங்கிகளில் முதல் ஐந்துக்குள் வர வேண்டும். வரவில்லை. ஆண்டுக்காண்டு வரவில்லை. வெளியாட்கள் பிடித்துக்கொள்ளத் தோதான குடுமியை வங்கி தானே வளர்த்து வைத்திருந்தது.

கடிதம்

2007 பிப்ரவரி 20 தேதியிட்டு, லண்டனைச் சேர்ந்த ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைத் துணிந்து முதலீடு செய்யும் நிதி) வங்கிக்குக் கடிதம் எழுதியது. அதன் கையில் இருந்தது ஏறக்குறைய ஒரு விழுக்காடு பங்குதான். கேட்டது இதுதான்: வங்கியைத் துண்டு துண்டாகவோ முழுசாகவோ விற்பது பற்றி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு வையுங்கள். முழு வங்கியின் விலையைவிடத் துண்டுகளின் கூட்டுத்தொகை அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு விழுக்காடு வைத்திருப்பவர் 183 வயதான வங்கியை அசைத்துவிட முடியுமா? முடிந்தது. மற்ற பங்குதாரர்களும் சலித்துப்போய் இருந்தார்கள். கடிதம் வெளியானதும் பங்கு விலை ஏறியது. ஏறிய விலையில் வாங்கியவர்களுக்கு வங்கி விற்கப்பட்டால்தான் காசு. அதோடு, பங்குதாரர் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே சில வாரங்களில் மாறிப்போனது.

ஏலம்

வங்கியின் தலைமை அவசரமாக ஒரு மாப்பிள்ளை தேடியது. இங்கிலாந்தின் பார்க்ளேஸ் முன்வந்தது. ஏப்ரல் 23 அன்று சுமார் 6,700 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பணமாக அல்ல, பார்க்ளேஸ் பங்குகளாக.

அன்றே இன்னொரு அறிவிப்பும் வந்தது. லாசால் வங்கியை 2,100 கோடி டாலருக்கு பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விற்கிறோம் என்றது ஏபிஎன் ஆம்ரோ. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து (ஆர்பிஎஸ்), பெல்ஜியம் நெதர்லாந்து இரண்டுக்கும் பொதுவான ஃபோர்ட்டிஸ், ஸ்பெயினின் சாந்தாந்தர் ஆகிய மூன்றும் போட்டி ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஸ்காட்லாந்து வங்கியின் கண் லாசால் மேல்தான். அதை முன்கூட்டியே விற்றுவிட்டால் அவர்களுக்கு வருவதற்குக் காரணம் இருக்காது என்று நினைத்தார்கள்.

கீழ்நீதிமன்றம் மே மாதம் அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. ஜூலையில் டச்சு உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. லாசால் போயிற்று.

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்க்கும் இடம் இது. முக்கியமாக விரும்பிய நிலம் கைநழுவிய பிறகும் மூவரும் விலையைக் குறைக்கவில்லை. மொத்தம் சுமார் 7,100 கோடி யூரோ என்பது அப்படியே நின்றது. லாசாலுக்குப் பதில் அதை விற்ற பணம் பெட்டியில் இருக்கும், ஆகவே கணக்கு சரி என்றார்கள். எண்களைப் பார்த்தால் சரிதான். ஆனால் ஸ்காட்லாந்து வங்கியின் பாகத்தில் மிஞ்சியது பெரும்பாலும் பெருநிறுவன, முதலீட்டு வங்கித் தொழில். கடன் பத்திரச் சந்தையின் சூடு நேராகத் தாக்கும் பகுதி அது.

ஏலத்தின் போக்கை நிர்ணயித்தது விலையைவிடவும் அதைக் கொடுக்கும் விதம்தான். மூவர் கூட்டணி 93 விழுக்காட்டை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னது. பார்க்ளேஸ் பெரும்பாலும் தன் பங்குகளைத் தருவதாகச் சொன்னது. சீன, சிங்கப்பூர் அரசு முதலீட்டாளர்களைக் கூட்டிவந்து கொஞ்சம் ரொக்கமும் சேர்த்தது. சந்தை இறங்கினால் பார்க்ளேஸ் தரும் பங்கின் மதிப்பும் இறங்கும், அதோடு அதன் ஏலத் தொகையும் தானாகச் சுருங்கும். ரொக்கம் சுருங்காது. ஆக, சந்தை சரியச் சரிய கூட்டணியின் ஏலம் விற்பவருக்குக் கவர்ச்சியாகவும், வாங்குபவருக்கு ஆபத்தாகவும் ஆகிக்கொண்டே போனது. ஜூலை இறுதியில் ஏபிஎன் ஆம்ரோவின் தலைமை பார்க்ளேஸுக்குத் தந்த பரிந்துரையை விலக்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நின்றது.

இரண்டு கோப்புகள், ஒரு சிடி

வீடு வாங்கப் போனால் முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கிறோம். தாய்ப்பத்திரம் கேட்கிறோம். 7,100 கோடி யூரோவுக்கு வங்கி வாங்கியவர்கள் எதைப் பார்த்தார்கள்?

ஸ்காட்லாந்து வங்கி விழுந்தது ஏன் என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பின் 2011 டிசம்பர் அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. 2007 ஏப்ரலில் ஏபிஎன் ஆம்ரோ தந்த தகவல்கள் இரண்டு தடித்த கோப்புகளும் ஒரு சிடியும்தான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. எதிர்த்து வருபவருக்கு, நட்போடு வருபவருக்குக் காட்டியதைவிட அதிகமாகக் காட்ட வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை. ஆகவே இரண்டு வழிதான் இருந்தது: கிடைத்ததைப் பார்த்துவிட்டு வாங்குவது, அல்லது வேண்டாம் என்று போய்விடுவது. ஸ்காட்லாந்து வங்கிக்கு 2000ஆம் ஆண்டின் அனுபவம் தைரியம் தந்தது. அப்போது தன்னைவிடப் பெரிய நாட்வெஸ்ட் வங்கியை இதேபோல் எதிர்ப்புக்கு நடுவே வாங்கி, பிறகு லாபம் பார்த்திருந்தது. ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டியவருக்கு அடுத்த ஆறும் முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும்.

கொடுத்த விலை, ஏபிஎன் ஆம்ரோவின் புத்தக மதிப்பைப்போல (கணக்குப்படி சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது) ஏறத்தாழ மூன்று மடங்கு.

பணம் திரட்டிய விதம்

ஃபோர்ட்டிஸின் பங்கு 2,400 கோடி யூரோ. அதில் 1,340 கோடியை, இருக்கும் பங்குதாரர்களிடமே புதிய பங்குகளை விற்று, பங்கு ஒன்று 15 யூரோ வீதம் திரட்டியது. மீதிக்குப் பெரும்பாலும் தன் சொத்துகளை விற்பதையும் வேறு வகை மூலதனத்தையும் நம்பியிருந்தது. ஸ்காட்லாந்து வங்கி தன் பங்கின் பெரும்பகுதியைக் கடனாக எடுத்தது. அதிலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடனே அதிகம். பல ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் சொத்து. வாங்கியதோ சில மாதத் தவணைக் கடனில்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று ஃபோர்ட்டிஸ் பங்குதாரர்கள் சம்மதம் தந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று பிரான்ஸின் பிஎன்பி பாரிபா, அமெரிக்க வீட்டுக் கடன் சார்ந்த தன் மூன்று நிதிகளில் பணம் எடுப்பதை நிறுத்தியது; ஐரோப்பாவில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் தருவதே அன்று உறைந்தது. மறுநாள் ஆகஸ்ட் 10 அன்று ஸ்காட்லாந்து வங்கியின் பங்குதாரர்கள் 94 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு தந்தார்கள். செப்டம்பர் 14 அன்று இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். செப்டம்பர் 17 அன்று டச்சு நிதியமைச்சு தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்டது. அக்டோபர் 5 அன்று பார்க்ளேஸ் விலகியது. தோற்றதாகத்தான் அன்று எல்லோரும் எழுதினார்கள்.

அக்டோபர் 17 அன்று கிரயம் முடிந்தது.

பாகம் பிரித்தல்

ஃபோர்ட்டிஸுக்கு நெதர்லாந்துக் கிளைகளும் தனியார் வங்கிச் சேவையும். சாந்தாந்தருக்கு பிரேசிலும் இத்தாலியும். ஸ்காட்லாந்து வங்கிக்கு முதலீட்டு வங்கித் தொழிலும் ஆசியக் கிளைகளும். இந்தியக் கிளைகளும் அப்படித்தான் ஆர்பிஎஸ் என்று பெயர் மாறின. அவற்றின் பெரும்பகுதியை எச்எஸ்பிசிக்கு விற்கும் பேச்சு 2010இல் தொடங்கி 2012இல் முறிந்தது. கடைசியில் 2013இல் சில பகுதிகளை ரத்னாகர் வங்கி எடுத்துக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் எடுத்த முடிவால் இந்தியாவில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவருக்குக் கார்டின் பெயர் ஆறு ஆண்டில் இரண்டு முறை மாறியது.

காகிதத்தில் பிரிப்பது எளிது. நிலத்தில் கல் நடலாம். வங்கியில் எங்கே நடுவது? கணினி ஒன்று, ரிஸ்க் கணக்கு ஒன்று, வாங்கிய கடன்கள் முழு வங்கியின் பெயரில். அதனால் மூவரும் சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் டச்சு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். ஐரோப்பிய ஆணையம் வேறு, போட்டி குறைந்துவிடும் என்று சொல்லி, ஏபிஎன் ஆம்ரோவின் நிறுவனக் கடன் தொழிலில் ஒரு பகுதியை விற்கும்படி ஃபோர்ட்டிஸுக்கு நிபந்தனை போட்டது. கட்டாயத்துக்கு விற்பவன் என்று தெரிந்தால் சந்தையில் என்ன விலை கிடைக்கும்? 2008 ஜூலையில் டாய்ச்சே வங்கியோடு பேசிய விலை ஃபோர்ட்டிஸுக்கு நட்டம்தான்.

சாந்தாந்தர் மட்டும் காத்திருக்கவில்லை. கிரயம் முடிந்த அடுத்த மாதமே, தன் பாகத்தில் சுமார் 660 கோடி யூரோ மதிப்பிட்டிருந்த அந்தோன்வெனெத்தாவை, இத்தாலியின் மோந்தே தெய் பாஸ்கி வங்கிக்கு 900 கோடிக்கு விற்றது. வாங்கியது 1472 முதல் இயங்கும் வங்கி. அதுவும் சரியாக ஆராயாமல்தான் வாங்கியது.

2008

ஃபோர்ட்டிஸ் பங்குகள் பெல்ஜியத்தில் குடும்பச் சொத்து மாதிரி. ஓய்வுபெற்றவர்கள் டிவிடெண்டை நம்பி வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள். ஜூன் 26 அன்று வங்கி 830 கோடி யூரோ மூலதனத்தை வலுப்படுத்தப் போவதாகவும், இடைக்கால டிவிடெண்ட் கிடையாது என்றும் அறிவித்தது. மூலதனம் போதும் என்று அதுவரை கேட்டுவந்த பங்குதாரருக்கு டிவிடெண்ட் நின்றது எண்களைவிடப் பெரிய சேதி. பங்கு அன்று ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. தலைமை நிர்வாகி ஜூலையில் போனார்.

செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. புதிய தலைமை நிர்வாகி வங்கி உறுதியாக இருக்கிறது என்று விளக்கினார். அன்று இரவுக்குள் அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஞாயிறன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய மூன்று அரசுகள் 1,120 கோடி யூரோ போட ஒப்புக்கொண்டன. அதுவும் பற்றவில்லை. அக்டோபர் 3 அன்று டச்சு அரசு தனி வழியில் போயிற்று: ஃபோர்ட்டிஸின் டச்சு வங்கி, காப்பீட்டுத் தொழில்களையும், கூடவே ஏபிஎன் ஆம்ரோவின் டச்சுப் பாகத்தையும் 1,680 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது.

அப்படிப் பிரித்து வாங்க முடிந்ததற்கு ஒரு காரணம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஏபிஎன் ஆம்ரோவின் டச்சுக் கிளைகளை ஃபோர்ட்டிஸ் இன்னும் தன்னோடு இணைத்து முடிக்கவில்லை. அனுமதிகள் தாமதம், கணினிகள் தனித்தனி. பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டு போனதே டச்சு வங்கி தப்ப உதவியது. திட்டப்படி வேலை முடிந்திருந்தால் எடுப்பதற்குத் தனியாக எதுவும் இருந்திருக்காது.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 7. லக்சம்பர்க்கில் கூட்டத்தில் இருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சருக்கு ஸ்காட்லாந்து வங்கியின் தலைவரிடமிருந்து தொலைபேசி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அமைச்சர் கேட்டார். சில மணி நேரம்தான் என்பது பதில். அந்த ஆண்டு அந்த வங்கி காட்டிய நட்டம் 2,410 கோடி பவுண்ட். பிரிட்டிஷ் நிறுவனம் எதுவும் அதுவரை அவ்வளவு இழந்ததில்லை. வாங்கியவற்றுக்கு அதிகமாகக் கொடுத்த விலையைக் கணக்கிலிருந்து நீக்கியதுதான் அதில் பெரும்பகுதி; ஏபிஎன் ஆம்ரோவே முதன்மைக் காரணம். அரசு மொத்தம் 4,550 கோடி பவுண்ட் போட்டது.

என்ன ஆயிற்று

பெல்ஜியத்தில் மிஞ்சிய ஃபோர்ட்டிஸ் வங்கியை பிஎன்பி பாரிபாவுக்கு விற்க அரசு முடிவு செய்தது. எங்களைக் கேட்காமல் எப்படி விற்கலாம் என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகளிடம் அரசு தரப்பு பேசிப் பார்த்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து பெல்ஜிய அரசே கவிழ்ந்தது. 2009 பிப்ரவரியில் பங்குதாரர்கள் விற்பனையை நிராகரித்தார்கள். ஏப்ரல் இறுதியில் கெண்ட் நகரில் கூடியபோது மேடையை நோக்கிக் காலணிகள் பறந்தன, ஆனாலும் வாக்கு விற்பனைக்குச் சாதகமாக விழுந்தது. முன்பு 15 யூரோ கொடுத்து வாங்கிய பங்கு, அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு யூரோவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சிய காப்பீட்டு நிறுவனம் 2010இல் அஜியாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பங்குதாரர்களுக்கு 130 கோடி யூரோ இழப்பீடு தரும் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது 2018இல். காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் முதியவர்கள்.

மோந்தே தெய் பாஸ்கி நட்டங்களை மறைக்கச் செய்த டெரிவேட்டிவ் (வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்த) ஒப்பந்தங்கள் 2013இல் அம்பலமாயின. 2017இல் இத்தாலிய அரசு அதன் பெரும்பான்மைப் பங்குதாரரானது. சாந்தாந்தரோ பிரேசில் வங்கியைத் தன் கிளையோடு சேர்த்து, 2009 அக்டோபரில் பங்குச் சந்தையில் வெளியிட்டு, 800 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது.

பழைய ஏபிஎன் ஆம்ரோவின் சட்டப்பூர்வ நிறுவனம் 2010இல் ஆர்பிஎஸ் என்.வி. என்று பெயர் மாறி ஸ்காட்லாந்து வங்கியோடு போய்விட்டது. டச்சு அரசின் கையில் இருந்தது பெயரும் உள்நாட்டுக் கிளைகளும். அவற்றை ஒரு புதிய நிறுவனத்தில் போட்டு, ஃபோர்ட்டிஸின் டச்சு வங்கியையும் 2010 ஜூலை 1 அன்று அதோடு இணைத்தார்கள். வாங்க வந்த பெயர் பலகையிலிருந்து போனது. வாங்கப்பட்ட பெயர் நின்றது. ஸ்காட்லாந்து வங்கிக் குழுமமும் 2020இல் நாட்வெஸ்ட் என்று, தான் முன்பு விழுங்கிய வங்கியின் பெயரையே சூடிக்கொண்டது.

மாற்ற வேண்டியவை

முதலாவது, விலகும் விலை. ஏலத்தில் இறங்கும் முன்பே, எது நடந்தால் வெளியேறுவோம் என்று எழுதிவைத்திருக்க வேண்டும். லாசால் போனது அப்படியொரு புள்ளி. ஆகஸ்ட் 9 இன்னொன்று. இரண்டிலும் இயக்குநர் குழு தொடர்வதற்கு நியாயம் தேடியதே தவிர, நிறுத்துவதற்குத் தேடவில்லை. என் பார்வையில், கோப்புகள் இரண்டா இருபதா என்பதைவிட இதுதான் பெரிய குறை. இருபது கோப்பு கிடைத்திருந்தாலும் அவர்கள் வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, பணம். தன் சொத்துகளை விற்று மீதியைக் கட்டுகிறேன் என்பவர், அந்த விற்பனைகள் முடிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஃபோர்ட்டிஸ் 2008 முழுக்க விற்க முயன்றுகொண்டே இருந்தது.

மூன்றாவது, அனுமதி. இவ்வளவு பெரிய வாங்கலுக்கு பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பின் முறையான ஒப்புதல் அப்போது தேவைப்படவில்லை. இனித் தேவை என்று அதே 2011 அறிக்கை பரிந்துரைத்தது. டச்சுத் தரப்பில் அனுமதி தேவைப்பட்டது, மத்திய வங்கிக்குத் தயக்கமும் இருந்தது. ஆனால் பங்குதாரர் விருப்பத்தை மறுக்க வலுவான சட்டக் காரணம் இல்லாமல் கையெழுத்து விழுந்தது.

டச்சு அரசின் பக்கமும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சில நாளில் பேசி முடித்த விலையோடு, பின்னர் போட்ட மூலதனத்தையும் சேர்த்தால் ஏபிஎன் ஆம்ரோவுக்காக மட்டும் அரசு செலவிட்டது ஏறத்தாழ 2,170 கோடி யூரோ. 2015 நவம்பரில் பங்கு ஒன்று 17.75 யூரோவுக்குச் சந்தைக்கு வந்தபோது முழு வங்கியின் மதிப்பு சுமார் 1,670 கோடி. அரசு தன் பங்கைச் சிறிது சிறிதாக விற்று, பாதிக்குக் கீழே இறக்கியது 2023 செப்டம்பரில்தான்.